மொன்ஷாக்குக்கு விருந்தாளிப் பங்கு

பிப்ரவரி 3
மகள் டோக்ஜான் அல்மாட்டிக்குப் படிக்கப் போய் ஒரு மாதம். நான் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லி, கோபித்துக்கொண்டு போனவள், தன் தண்ணீர்ப் பாம்பு மொன்ஷாக்கை மட்டும் என் தலையில் கட்டிவிட்டாள். ஞாயிறுதோறும் போன். "மொன்ஷாக் சாப்பிட்டுச்சா?" அவ்வளவுதான். அவள் அம்மா போனபின் என்னை அப்படிக் கேட்க ஆளில்லை, பாம்புக்கு ஆள் இருக்கிறது.

பிப்ரவரி 8
தொட்டியில் அவள் ஒட்டிய சீட்டு: பொடிமீன் மூன்று வகை, மாற்றி மாற்றி, முள்ளோடு முழுசாக. பல்காஷ் ஏரிக்கரைக்காரன் வீட்டில் விருந்தாளிக்குப் பொடிமீனும் முள்ளுமா? போன மாதத்திலிருந்தே நான் கெண்டைதான் கொடுக்கிறேன். கொழுத்த வயிற்றுச் சதை, முள் எடுத்தது. இடுக்கியில் நீட்டினால் ஒரே விழுங்கு. மனசு நிறைகிறது.

மார்ச் 2
கெண்டை.

மார்ச் 22
நவ்ரூஸ் பண்டிகை. மீன்காரி ஷோல்பானுக்கு என்னைச் சீண்டாமல் இருக்க முடியாது. "அண்ணே, வீட்டுக்குள்ள பாம்பு வந்தா தலையில பால ஊத்தி வெளிய அனுப்புவாங்க. நீங்க மருமகனுக்குச் செய்யிற மாதிரி செய்யிறீங்களே!"

டோக்ஜான் கூப்பிட்டாள். "என்ன மீன் குடுக்கறீங்க?" "நீ எழுதினதுதான்" என்றேன். சந்தோஷமாகச் சிரித்தாள். ஏன் பொய் சொன்னேன்? அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

மே 11
தலை ஆடுகிறது. மீனைக் குறிபார்த்துப் பாய்கிறது, காற்றைக் கடிக்கிறது.

மே 12
கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். சின்னப் பெண்.

"என்ன குடுத்தீங்க?"

"கெண்டை. நல்ல சதை மட்டும்."

"நாலு மாசமாவா?"

கெண்டையில் இருக்கும் ஏதோ ஒன்று உடம்பின் வைட்டமினை அழித்துவிடுமாம். முள்ளே போகாததால் எலும்பும் இளகிவிட்டதாம். ஊசி போட்டாள். "பட்டினி போட்டிருந்தாக்கூட இவ்வளவு கெட்டிருக்காது, ஐயா."

மே 14
தண்ணீரில் மல்லாந்து கிடக்கிறது. கையில் எடுத்தேன். விலுக் விலுக்கென்று இழுத்துக்கொள்கிறது. ஐயோ — ஊட்டி ஊட்டியே கொன்னுட்டேனே.

மே 15
காலையில் செத்துக் கிடந்தது.

மே 17, ஞாயிறு
டோக்ஜானிடம் சொல்லிவிட்டேன். கெண்டையை, பொய்யை, எல்லாவற்றையும். முழுசாகக் கேட்டாள். அப்புறம்,

"அதுக்கு என்ன வேணும்னு எழுதியே ஒட்டியிருந்தேனேப்பா. அந்த மாப்பிள்ளையும் எனக்கு நல்லதுன்னுதானே பாத்தீங்க?"

வைத்துவிட்டாள்.

மே 24, ஞாயிறு
போன் இல்லை.

மே 31, ஞாயிறு
இல்லை. இனி எதை விசாரிக்கக் கூப்பிடுவாள்?

ஜூன் 7, ஞாயிறு
நானே கூப்பிட்டேன். இதுதான் முதல் தடவை.

"என்னப்பா?"

"நீ என்ன படிக்கிற, யாரோட தங்கியிருக்க — எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. நீயே சொல்லு."

"அஞ்சு நிமிஷம்தான் இருக்கு" என்றாள்.

சொன்னாள். அரைவாசி எனக்குப் பிடிக்கவில்லை. குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.