முழங்கால் என்று சொன்ன வலி

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கப் பார்த்தேன், கை வரவில்லை. போனில் சொன்னால் “சரிக்கா, பாத்துக்கறேன்” என்று மழுப்பிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் படி.

உன் அத்தானுக்கு இனி டைல்ஸ் ஒட்டும் வேலை இல்லை. குத்துக்காலிட்டு உட்காரவே கூடாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

ஒரு மாடி வீட்டில் குளியலறைக்குத் தரை ஒட்டிக்கொண்டிருந்தார். உள்மூலையில் தொடங்கி வாசலை நோக்கிப் பின்னால் நகர்ந்து வருவதுதானே உங்கள் வேலை? அதை உனக்கு முதல் நாளே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அன்றைக்கு வலது காலைத் திருப்ப முடியாமல், வலிக்காத பக்கமாகவே திரும்பித் திரும்பி ஒட்டி, மூலைக்குள் தானே போய் மாட்டிக்கொண்டார். எழுந்திருக்கப் பார்த்தால் இடுப்பு பூட்டிக்கொண்டது. பக்கத்து அறையில் வேலை செய்த பெயின்டர் ஓடி வந்து தூக்குகிறேன் என்றாராம். இவர், “பசை காயல, மிதிச்சா டைல்ஸ் நகந்துடும், அங்கயே நில்லு” என்று அதட்டிவிட்டு, சாயங்காலம் வரை சுவரில் சாய்ந்தே கிடந்திருக்கிறார். பெயின்டர் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கே வலி என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு முழங்கால் என்றேன். ரெண்டு வருஷமாக எனக்குத் தெரிந்தது அதுதான். முழங்காலுக்கு உறை வாங்கினேன், அதைத் துவைத்துத் துவைத்துக் காயப்போட்டேன், தைலம் தேய்த்துவிட்டேன். முதலில் போன கிளினிக்கிலும் முழங்காலைத்தான் எக்ஸ்ரே எடுத்து, நன்றாக இருக்கிறது என்றார்கள். இந்த டாக்டர் என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, அவரையே கையால் காட்டச் சொன்னார். உன் அத்தான் தலையைக் குனிந்துகொண்டு, கட்டைவிரல் பின்னால், மற்ற விரல்கள் முன்னால் தொடை இடுக்கில் படிய, இடுப்பைப் பிடித்துக் காட்டினார்.

அந்தக் கிளினிக்கில் இருந்தது சின்ன வயசு லேடி டாக்டராம். அந்த இடத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்ததாம். அன்று சொன்ன பொய்யை அப்புறம் எல்லாரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார். கட்டினவளிடம் என்ன வெட்கம் என்று கேட்டேன். “சொல்லியிருந்தா நீ இழுத்துட்டுப் போயிருப்ப” என்றார். ஆமாம், இழுத்துக்கொண்டுதான் போயிருப்பேன்.

தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பில் ஒரு கிண்ணத்துக்குள் சுழல்கிறதாம். அந்தக் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி, குழாய்க்குள் இருக்கிற வாஷர் மாதிரி ஒரு குருத்தெலும்பு வளையம். அதுதான் கிழிந்துவிட்டது. எக்ஸ்ரேயில் அது தெரியாது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் பலருக்கு ஓய்வும் பயிற்சியுமே போதுமாம். அதற்கும் கேட்காவிட்டால் சின்னத் துளை போட்டுத் தைக்கலாமாம். இவர் அந்தக் கிழிசலை வைத்துக்கொண்டே தினமும் குத்துக்காலிட்டதில் மூட்டே தேய்ந்துவிட்டது. இனித் தைத்துப் பயனில்லை. என்றைக்காவது மூட்டை மாற்ற வேண்டும், மாற்றினாலும் பழைய வேலை கிடையாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். டைல்ஸ் கடையில் நாற்காலி வேலை கிடைத்தது. நெடுநேரம் உட்கார்ந்தாலும் வலிக்கிறது என்று அதையும் விட்டுவிட்டார். இப்போது படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால்கூடச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

இனி உன் விஷயம். உன் வீட்டுக்காரி அழுதுகொண்டே பேசினாள். வண்டியில் ஏறும்போது காலைக் கையால் தூக்கி வைக்கிறாயாம். காலுறை போடக் குனிய முடியவில்லையாம். நடக்கையில் இடுப்பில் டக்கென்று சத்தம் வருகிறதாம், பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்களாம். மாசக்கணக்காக இப்படித்தானாம். என்ன என்று கேட்டால் முழங்கால் என்கிறாயாம். தொழிலோடு சேர்த்துப் பொய்யையும் கற்றுக்கொண்டாயா?

இந்த மாதிரி வலி சில வாரத்துக்கு மேல் இருந்தாலே காட்டிவிட வேண்டும் என்றார் டாக்டர். கால் ஊன்றவே முடியாமல் போனாலோ, வலியோடு காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஓட வேண்டுமாம்.

நீ போக மாட்டாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கட்டடம் முடியட்டும் என்பாய். உன் அத்தானும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதையேதான் சொன்னார். ரெண்டு பேரையும் இப்படிப் பார்க்க எனக்குத் தெம்பில்லைடா. வாய் வராவிட்டால் நீ எதுவும் பேச வேண்டாம். கீழே உள்ளதைக் கிழித்து டாக்டரிடம் நீட்டினால் போதும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அக்கா

டாக்டர் அவர்களுக்கு,

இவன் முழங்கால் என்று சொல்வான், நம்பாதீர்கள். வலி தொடை இடுக்கில், உள்ளே. சொல்லக் கூச்சப்படுகிறான். கையால் காட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒருவரை ரொம்பத் தாமதமாகக் கூட்டிக்கொண்டு போனோம். இவனை மாத்திரை மட்டும் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.