இரண்டு கிலோவுக்குள் லினக்ஸ்

பேகம்பூர், திண்டுக்கல்.
வியாழன், அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே பிள்ளைகளும் நானும் சுகம். மாமிக்கு என் மேல் கோபம், அதனால் அவர் கொஞ்சம் கூடுதலாகவே சுகமாக இருக்கிறார். போன் இருக்கக் கடுதாசி எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் சலாம் சொன்னால் உங்கள் அறையில் இருக்கிற அத்தனை பேரும் பதில் சொல்கிறார்கள். புருஷனோடு பேசுகிறேனா, ஜமாஅத் கூட்டத்தில் பேசுகிறேனா என்றே தெரியவில்லை.

உங்கள் ஷார்ஜா குடோனில் கம்ப்யூட்டரை எல்லாம் லினக்ஸுக்கு மாற்றிவிட்டார்கள், பெருநாளுக்குள் பழகாத ஸ்டோர் கீப்பரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னீர்களே, அன்றிலிருந்து மாமிக்குச் சோறு இறங்கவில்லை. தமிழில் ஆரம்பப் புத்தகம் ஒன்று வாங்கி, லீவு முடிந்து அங்கே திரும்பும் நம்ம தெரு யாசினிடம் கொடுத்துவிடு என்றீர்கள். ஏதோ கால் கிலோ மல்லித்தூள் வாங்கச் சொல்வது போலச் சொல்லிவிட்டீர்கள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் புத்தகக் கடையில் லினக்ஸ் என்றதும், "எந்த லினக்ஸும்மா?" என்றார் கடைக்காரர். கத்தரிக்காய் மாதிரி இதிலும் பல ரகம் உண்டாம். "சட்டுனு கெட்டுப்போகாத ரகமாக் குடுங்க" என்றேன். மூன்று புத்தகங்களை எடுத்துப் போட்டார். ஒன்று தலையணை. கம்ப்யூட்டர் பிறந்த கதையில் ஆரம்பித்து நூறு பக்கம் போகிறது, அதுவரை யாரும் அதை ஆன் செய்யவே இல்லை. இன்னொன்று அப்பளம் போல மெலிசு. மூன்றாவது நடுத்தரம், படம் நிறைய.

இங்கேதான் என் புத்தி மேயப் போய்விட்டது. யாசின் ஒரு வீட்டுக்கு இரண்டு கிலோதான் வாங்குவார். தராசில் வைத்துப் பார்த்துத்தான் பெட்டியில் ஏற்றுவார். மாமி உங்களுக்காக மொட்டை மாடி முழுக்க உப்புக்கண்டம் காயப்போட்டிருந்தார். எந்தப் புத்தகம் வாங்கினால் கறிக்கு இடம் இருக்கும் என்று யோசித்தேன், மெலிசை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பழைய பேப்பர் கடைக்காரருக்கு அடுத்தபடி, புத்தகத்தை எடை பார்த்து வாங்கியவள் நான்தான்.

வாங்கியதைச் சோதிக்காமல் அனுப்ப மனசு கேட்கவில்லை. தெரு முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற ரஃபியாவின் கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ்தான். "எனக்குப் புரிஞ்சா அவுகளுக்கும் புரியும்" என்றேன். "அண்ணன் மேல அம்புட்டு நம்பிக்கையா?" என்று சிரித்தாள். முதல் பக்கத்திலேயே 'நீங்கள் அறிந்தபடி' என்று ஆரம்பித்தது அந்தப் புத்தகம். நான் எதையும் அறியவில்லை. டெர்மினலைத் திற என்றது. அது எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. ரஃபியா திறந்து கொடுத்தாள். பாஸ்வேர்டு கேட்டது. அடிக்கிறேன், அடிக்கிறேன், திரையில் ஒரு எழுத்து விழவில்லை, ஒரு புள்ளிகூட இல்லை. கீபோர்டு செத்துப்போச்சு என்று ஓங்கிக் குத்தினேன். ரஃபியா ஓடி வந்து, "மதினி, அது கீபோர்டு, அம்மி இல்ல!" என்று பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் கடைக்குப் போய் அந்த நடுத்தரப் புத்தகத்தில் அதே இடத்தைத் தேடினேன். 'பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது. உங்கள் கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது. பயப்படாமல் அடித்து முடித்து என்டரைத் தட்டுங்கள்' என்று போட்டிருந்தது. எழுதிய மனுஷன் நல்லா இருக்கணும். நாம் எங்கே பயப்படுவோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மெலிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதையே வாங்கினேன்.

ஆனால் அது முக்கால் கிலோ. மாமி விடுவாரா? "எம்புள்ள புத்தகத்தத் திங்கவா போறான்? படிப்பு நான் கேக்குற துஆவுல ஏறும். கறி ஏறுமா?" என்றார். நான் செத்த நேரம் தண்ணீர் பிடிக்கப் போனபோது பார்சலைப் பிரித்துப் புத்தகத்தை உருவிவிட்டு, அந்த இடத்திலும் உப்புக்கண்டத்தைத் திணித்துவிட்டார். யாசின் வீட்டுத் தராசு இரண்டு கிலோவைத் தாண்டிக் காட்டிக்கொடுத்தது. வீட்டுக்கு ஓடிப் புத்தகத்தை எடுத்துவந்து, தெருவே பார்க்கப் பாதிக் கறியை எடுத்துவிட்டு அதை வைத்தேன். கோபத்துக்குக் காரணம் அதுதான்.

இன்னொரு சேதி. சோதித்துப் பார்க்கப் போனவள் பாதிப் புத்தகத்தை முடித்துவிட்டேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் கடையில் வந்து உட்காருங்க மதினி, சம்பளம் தாரேன் என்கிறாள் ரஃபியா. சரி என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபம் வந்தால், நேரில் வந்து கோபப்படுங்கள்.

புத்தகத்தை ஒழுங்காகப் படியுங்கள், அதில் குறை வைக்க வேண்டாம். எவ்வளவு முட்டியும் ஏறவில்லை என்றால், அங்கே யார் முன்னாலும் தலைகுனிந்து நிற்காதீர்கள். அவர்கள் டிக்கெட் போட்டால் ஏறி வந்துவிடுங்கள். சின்னவளுக்கு வாப்பா என்றால் போன் என்று நினைப்பு.

மாமி ஐந்து வேளையும் உங்களுக்குப் படிப்பு ஏற வேண்டும், வேலை நிலைக்க வேண்டும் என்று துஆ கேட்கிறார். நானும் பக்கத்தில் கையேந்தி உட்காருகிறேன். ஆமீன் மட்டும் வாயில் வரமாட்டேன் என்கிறது, மச்சான்.

அல்லாஹ் நமக்கு நல்லதையே நாடட்டும்.

உங்கள்,
கமர்ஜஹான்