உரல் ஈரமாக இருந்தது

ஜனவரி 6, திங்கள்
ஸ்கூல் விட்டு வந்ததும், அக்காவிடம் கேள்வி கேட்டுப் பழக்க, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் 'எக்ஸ்டர்னல்' ஆகிவிட்டேன். வேறு கல்லூரியிலிருந்து தேர்வு நடத்த வருகிறவருக்கு அதுதான் பெயராம். அக்கா பி.பார்ம் இரண்டாம் ஆண்டு. முதல் ஆண்டில் மருந்து தயாரிக்கும் பிராக்டிக்கலில் ஒரே மார்க்கில் ஃபெயிலாகிவிட்டாள். கல்லூரியிலேயே போடும் இன்டர்னல் பதினைந்துக்குப் பதிமூன்று, எக்ஸ்டர்னல் முப்பத்தைந்துக்குப் பதினொன்று. இரண்டும் சேர்ந்து இருபத்தைந்து வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் கலக்கும் எமல்ஷன் முறிந்து, தனித்தனியாகப் பிரிந்திருக்கிறது. ஏன் முறிந்தது என்று வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் கேட்டிருக்கிறார்கள். அக்கா சும்மா நின்றிருக்கிறாள். வீட்டில் அவ்வளவு பேசுகிறவள்!

சீனியர்கள் முகத்தில் விழிக்கவே கூசுகிறது, பிப்ரவரியில் மறுபடி செய்யும்போதும் ஃபெயிலானால் படிப்பை விட்டுவிடுவேன் என்கிறாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 11, சனி
அப்பா லோடு ஆட்டோவில் பீங்கான் ஏற்றப் போன இடத்திலிருந்து உரலும் குழவியும் கொண்டுவந்தார். விளிம்பு கோணலாம், ஒதுக்கி வைத்திருந்தார்களாம்.
"கோணலு எமல்ஷனுக்குத் தெரியுமா, என்ன? அரை" என்றார் அக்காவிடம்.

ஜனவரி 14
பொங்கல். கரும்பைக் கடித்துக்கொண்டே அக்கா முணுமுணுத்தாள்: "எண்ணெய் நாலு, தண்ணி ரெண்டு, கோந்துப்பொடி ஒண்ணு."

ஜனவரி 19, ஞாயிறு
என்னால்தான். ஆனால் நல்லதுக்குத்தான் செய்தேன்!
முதலில் கடலை எண்ணெயையும் கோந்துப்பொடியையும் குழைத்து, தண்ணீரை ஒரே தடவையாக ஊற்றி, ஒரே பக்கமாக விடாமல் அரைக்க வேண்டும். வெள்ளையாகிக் குழவியில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் சரி. ஒரு வாரமாக வந்தது. இன்று கோந்து கட்டிகட்டியாகத் திரண்டு, எண்ணெய் தனியாக மிதந்தது. அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.
"உரலக் கழுவினியாடி?"
"பளபளன்னு கழுவி வெச்சேன்க்கா."
"தொடச்சியா?"
துடைக்கவில்லை. எண்ணெய் போய்ச் சேருமுன் கோந்து ஈரத்தைக் குடித்துவிடுமாம். "எக்ஸ்டர்னல் மேடம், உங்களுக்கு ஃபெயிலு" என்று தலையில் குட்டினாள். நல்ல வலி. அப்புறம் திடீரென்று நின்றாள். "போன வருஷம் பரீட்சை அன்னிக்கும் உரலு ஈரமாத்தான்டி இருந்துது. முன்னாடி பேட்ச் கழுவிட்டுப் போயிருந்தாங்க" என்றாள்.
அப்படியானால் அக்காவின் கை சரியாகத்தான் செய்திருக்கிறது, இல்லையா?

பிப்ரவரி 4
நாளை பிராக்டிக்கல். அக்கா சாப்பிடவில்லை. நானும் அரை இட்லிதான்.

பிப்ரவரி 5, புதன்
ஸ்கூலில் எதுவும் மண்டையில் ஏறவில்லை. அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே சிரித்தாள்.
அவசரத்தில் உரலைப் பார்க்கவில்லையாம். இன்றும் ஈரம்! பாதி அரைக்கும்போதே முறிந்துவிட்டது. எக்ஸ்டர்னல் பக்கத்தில் வந்து நின்றார். வயதானவர், மூக்குக் கண்ணாடி.
"என்னம்மா ஆச்சு?"
அக்கா சொல்கிறாள், அந்த நேரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் முகம்தான் ஞாபகம் வந்ததாம். சிரிப்பு வந்துவிட்டதாம்.
"உரலு ஈரமா இருந்துது சார். நான் பாக்காம விட்டுட்டேன். கோந்து தண்ணியக் குடிச்சிருச்சு. வேற உரலு எடுத்து, தொடச்சிட்டு மறுபடி பண்ணிக்கட்டுங்களா?"
"நேரம் இருக்குது. பண்ணு" என்றாராம்.
சத்தம் வந்ததாம்! ஆனால் மார்க் வரும் வரை எதுவும் சொல்ல முடியாது.

மார்ச் 14, வெள்ளி
எக்ஸ்டர்னல் இருபத்திரண்டு. மொத்தம் முப்பத்தைந்து. அக்கா மூன்று தடவை போனைத் தேய்த்துப் பார்த்தாள். அப்பா ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய் மிக்சர் வாங்கி வந்தார்.

சாயங்காலம் ரசத்துக்கு மிளகு பொடிக்க அம்மா அந்தக் கோணல் உரலை எடுத்தாள். பாடத்தின் நடுவிலிருந்து அக்காவும், கணக்கின் நடுவிலிருந்து நானும் ஒரே நேரத்தில் கத்தினோம்:
"தொடச்சியாம்மா?"