உங்கள் தோளுக்கு வைத்திருந்த கற்பூரம்

மச்சான்,

இன்று பகல் நம் மகள் என் முழங்கால் நோவுக்குக் கடைத் தைலம் வாங்கி வந்தாள். மூடியைத் திறந்ததும் கற்பூர மணம் அறை முழுக்கப் பரவியது. "நல்ல வாசம், என்ன உம்மா?" என்றாள். ஓம் என்றேன். அந்த மணத்துக்கு நான் கலங்கிப்போவேன் என்று நினைத்தாளோ என்னவோ, முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

எண்பதுகளில், மருதமுனையில் நம் வீட்டுத் தறிக்குழியில் நீங்கள் காலையில் இறங்கினால் அசர் தொழுகைக்குத்தான் ஏறுவீர்கள். நாடாக் கயிற்றை இழுத்து இழுத்து வலது தோள் கல்லாகிவிடும். நான் நொச்சி இலையும் இஞ்சியும் தேங்காயெண்ணெயில் காய்ச்சி வடித்து, தேன்மெழுகு கரைத்து, இறக்கிய பிறகு கற்பூரம் நொறுக்கிப் போடுவேன். கற்பூரத்தில் மட்டும் எனக்குக் கை தாராளம்.

"என்ன புள்ள, தோளுக்குப் பூசுறியா, என்னைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுத்தப் போறியா?" என்பீர்கள்.

"மௌத்துக் கதை கதைக்காதீங்க" என்று முதுகில் ஒன்று வைப்பேன்.

பூசி முடிந்தால் உங்களுக்கு என் கைதான் கவலை. எண்ணெய்க் கையோடு நான் நூல் சுற்றினால் நீங்கள் நெய்யும் சாறனில் கறை விழும். கறை விழுந்த சாறனை எந்தக் கடைக்காரர் எடுப்பார்? அதனால் என் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்து உங்கள் கால்களில் தேய்த்துக்கொள்வீர்கள். "ஒரு பொட்டும் மிஞ்சப்படாது. கொண்டா கைய." சவர்க்காரம் போட்டால் போய்விடும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீங்கள் மௌத்தான அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை நேரம், கடைகள் பூட்டு. குளிப்பாட்ட வந்தவர்கள் கற்பூரம் கேட்டார்களாம். உங்கள் உடன்பிறந்த ராத்தா என்னிடம் வந்து, "புள்ள, ஊட்டுல கற்பூரம் இரிக்கா?" என்றார்.

"ஓம், அலுமாரிக்குள்ள இரிக்கி."

அடுத்த தைலத்துக்கு வாங்கி வைத்தது. நானே எடுத்துக் கொடுத்தேன். உங்கள் கடைசித் தண்ணீரில் அதைக் கரைத்தார்கள். நீங்கள் சொன்ன கேலி அப்போது நினைவுக்கு வந்தது. அழுகை வரவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. விழுந்தால் என்ன.

நாலு மாதம் பத்து நாள் உங்களுக்காக இத்தா இருக்கையில் வாசனை பூசக் கூடாது என்று பாதித் தைலத்தை மூடி வைத்துவிட்டேன். அறைக்குள்ளேயே இருந்து இருந்து முழங்கால் நோகத் தொடங்கியது. ராத்தா பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டு வந்து, "மருந்துக்குப் பூசலாமாம், குத்தமில்லயாம்" என்றார்.

"நோகட்டும் ராத்தா" என்றேன்.

உடம்பிலும் மனதிலும் எனக்கு உறைத்தது அந்த நோவு ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

பிறகும் அக்கம்பக்கத்துக்குத் தைலம் காய்ச்சிக் கொடுத்தேன், கற்பூரம் போடாமல். "எரிவே இல்லியேகா" என்று குறைப்படுவார்கள்.

இன்று கடைத் தைலத்தைப் பூசினேன். எரிந்தது. முழங்கால் கொஞ்சம் இளகியது. உள்ளங்கையில் மிஞ்சியதைக் கண்டு மகள் துணி கொண்டு வந்தாள். "கைய துடைங்க உம்மா."

தறியை விற்று எத்தனையோ காலம். கறை படிய வீட்டில் ஒரு முழ நூல்கூட இல்லை.

"கிடக்கட்டும்" என்றேன்.

அசர் பாங்கு சொல்லும் வரை இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன், மச்சான். நீங்கள் பிடித்து இழுக்கும் நேரம் அது.