போத்தலைக் கேட்டவள்

மருதமுனை
2019.06.11

யதுசா,

என் தம்பி பஸாலின் கையை முறித்தது உன் அண்ணன் கிருஷாந்தன். நீ ஜன்னலில் நின்று பார்த்தாய்.

வட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டாய். ஆகவே மருதமுனையிலிருந்து பக்கத்துப் பாண்டிருப்புக்கு முத்திரை ஒட்டி அனுப்புகிறேன். நடந்து வந்தால் பத்து நிமிடம். நடந்து வர முடியாதபடி செய்துவிட்டீர்கள்.

ஞாயிறு காலை உங்கள் ஒழுங்கையில் அவன் பேக்கரிப் பாண் விற்கிற ஆட்டோவை ஏழு பேர் மறித்தார்கள். பாணையும் பணிஸையும் றோட்டில் கொட்டி மிதித்தார்கள். தினமும் அவனிடம் வாங்குகிற பெண்கள் கையில் காசோடு தங்கள் வாசல் படலைகளில் நின்றார்கள். "விடுங்கடா அவன" என்று ஒரு வாய் சொல்லவில்லை. "நான் யதுசாக்கா எண்டு கூப்பிட்டன். அவ ஜன்னலச் சாத்திட்டா" என்று ஆஸ்பத்திரியில் பஸால் சொன்னான்.

இப்போது கை முறிந்தவன் மீதே பொலிஸில் முறைப்பாடு. உன் மச்சாள், கிருஷாந்தனின் மனைவி மேனுஜாவுக்குக் கருவைக் கலைக்கிற மருந்தைப் போத்தலில் கொடுத்தானாம்.

அதில் இருந்தது என் உம்மா குர்ஆன் ஓதி ஊதிய தண்ணீர். ஏ.எல். சோதனைக்கு முதல் நாள் நீயும் நானும் ஒரே கோப்பையில் குடித்த தண்ணீர். சின்ன வயதில் உன் அண்ணனுக்குக் காய்ச்சல் விடாதபோது உன் அம்மாவே அவனைத் தூக்கிவந்து எங்கள் வீட்டில் ஓதுவித்தா. போன மாதம் நீதான் போன் எடுத்தாய். "மச்சாளுக்குப் புள்ள தங்குதில்ல கா. இந்தமுற ரெண்டு மாசம். உம்மாட்டச் சொல்லி ஓதித் தாவன்." ஏப்ரலில் தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு நீ எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அதனால் பஸாலின் ஆட்டோவில் கொடுத்து அனுப்பினோம்.

உன் அண்ணன் பொலிஸில் எழுதிக் கொடுத்ததோ, பாண்காரன் தானாகவே கொண்டுவந்து தந்தான் என்று. பஸால் உன் பெயரைச் சொன்னான். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளை வந்து சொல்லட்டும்" என்றார்.

தானாகவே தந்தான் என்று உன் அண்ணனுக்கு யார் சொன்னது?

அப்ரா


பாண்டிருப்பு
2019.06.19

அன்பின் அப்ரா,

உம்மா எப்படி இருக்கிறா என்று கேட்டு எழுதத் தொடங்கினேன். கேட்கிற முகம் எனக்கில்லை என்று வெட்டிவிட்டேன்.

நான்தான் சொன்னேன். ஏப்ரலுக்குப் பிறகு அம்மா, "அந்தப் பக்கத்து ஆக்களோட கதை வச்சா இந்தப் படலைக்குள்ள வராத" என்று சொல்லியிருந்தா. போத்தல் ஏது என்று மச்சாள் கேட்டதும், "பாண்காரப் பொடியன் சும்மா தந்தான்" என்றேன். ஏச்சு வாங்காமல் இருக்க ஒரு பொய். அவ்வளவுதான் நினைத்தேன்.

மச்சாள் அதைக் குடித்து ஒன்பதாம் நாள் கரு கலைந்தது. இது மூன்றாம் தடவை, கருப்பையைப் பரிசோதிக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அண்ணனுக்கு அது காதில் ஏறவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் குந்தியிருந்து அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று பின்னேரம் யாரோ, முஸ்லிம்கள் கருக்கலைக்க மருந்து கொடுக்கிறார்கள் என்று முகநூலில் வந்த வீடியோ ஒன்றைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு அவர் அழவில்லை.

"நீயா போத்தலக் கேட்ட?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன்.

படலைகளைப் பற்றி எழுதியிருக்கிறாய். சரி. போன வருடம் அம்மா சவளக்கடை ஊரில் மரக்கறி எடுத்துவந்து உங்கள் பக்கத்துச் சந்தையில் வைத்திருந்தபோது, "தமிழாக்கள் ஒங்கட பக்கத்தில போய் வில்லுங்க" என்று கூடையை உதைத்தார்கள். கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்த அம்மா உன்னைக் கண்டா. நீ வளையல் கடைக்குள் போய்விட்டாய். அன்று சந்தைக்கே போகவில்லை என்று எனக்குச் சொன்னாய். நம்பியதுபோல் இருந்தேன். அம்மா அப்படி இருக்கவில்லை.

பஸாலை அடித்ததற்கு நீங்கள் கொடுத்த முறைப்பாட்டை வாபஸ் எடுத்துவிடுங்கள். அண்ணனையும் எடுக்கச் சொல்கிறேன். நான் வாயைத் திறந்தால் எனக்கு வீடில்லை, அப்ரா.

யதுசா


மருதமுனை
2019.06.24

அன்பின் யதுசா,

நான் சந்தையில் நின்றேன். உனக்குச் சொன்னது பொய். உதைத்தது எங்கள் பின்வீட்டு றாஸிக் நானா. என்ன வேலை செய்றீங்க என்று கேட்டிருக்கலாம். அவர் என்னை அடிக்கப் போவதில்லை. தமிழாக்களுக்குப் பரிந்து கதைக்கிறாள் என்று நாலு பேர் சொல்வார்களே என்றுதான் கடைக்குள் போனேன். வளையலும் வாங்கவில்லை. உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அன்று குனிந்து பொறுக்க வராதவளின் மன்னிப்பு எதற்கு என்று அவ கேட்கலாம்.

உன் அண்ணன் போன்றவர்கள் தைரியத்தை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று யோசித்துப் பார். எங்களிடமிருந்துதான். இந்த ஊர்களில் உதைக்க நாலு பேர் போதும், மிச்சப் பேர் கடைக்குள் போய்விடுவார்கள், ஜன்னலைச் சாத்திவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். றாஸிக் நானாவுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை அவர் பொடியன்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் குசினிச் சுவரைக் கட்டுகிற மேசன் நல்லரெத்தினம் அண்ணன் தம்பிலுவில் ஆள். "தமிழ் மேசன் இனி இந்த ஒழுங்கைக்குள்ள வரப்படாது" என்றார். நான் வாசலில் போய் நின்றேன். "சுவர் முடிஞ்சாத்தான் அவர் போவார்" என்றேன்.

"தம்பிட கை முறிஞ்சு கிடக்கு. ஒனக்கு ரோசமில்லயா கா?"

"அவரா முறிச்ச? முறிச்சவனக் கேக்க ஒங்களுக்கு ஏலாது. கரண்டியோட நிக்கிறவர்ட்ட வந்திருக்கிறீங்க."

வாப்பா என்னை உள்ளே போகச் சொன்னார். நான் போகவில்லை. நல்லரெத்தினம் அண்ணன் சாந்துக் கரண்டியைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு வரவில்லை. சுவர் இடுப்பளவில் நிற்கிறது.

ஆகவே நான் நின்றதால் ஒன்றும் நடக்கவில்லை. தெரிந்துதான் எழுதுகிறேன். ஒருத்தி நின்றால் விசரி என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். படலைக்குப் படலை ஒருவர் நின்றால் அப்படிச் சொல்ல ஏலாது. அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஒழுங்கையில் எத்தனை படலைகள் இருந்தன?

முறைப்பாட்டை வாபஸ் எடுக்க மாட்டோம். எடுத்தால் பஸால் சாகும்வரை மருந்து கொடுத்தவன்தான். வீடில்லாமல் போகும் என்கிறாய். போகலாம். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் இடமிருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். இன்றைக்கு உன்னை இந்த ஒழுங்கைக்குள் எப்படிக் கூட்டி வருவேன் என்று எனக்கே தெரியாது.

அப்ரா


மருதமுனை
2019.07.15

யதுசா,

நீ பதில் போடவில்லை.

பஸாலின் பிளாஸ்டரை வெட்டினார்கள். இரண்டு விரல் மடங்கவில்லை. ஆட்டோவைப் பேக்கரிக்காரர் திருப்பி எடுத்துவிட்டார். ஒழுங்கையில் பிள்ளைகள் அவனை "மருந்து" என்று கூப்பிடுகிறார்கள். உங்கள் பிள்ளைகள் அல்ல, எங்கள் பிள்ளைகள். உம்மாவிடம் நேற்று ஒரு தாய் குழந்தையோடு ஓதுவிக்க வந்தாள். உம்மா கதவைத் திறக்கவில்லை.

போத்தலைக் கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். அறிக்கை வந்தாலும் உன் அண்ணன் நம்பமாட்டான். உன்னை நம்பித்தான் ஆகவேண்டும். நீ அந்த வீட்டுப் பிள்ளை.

வியாழன் ஒன்பது மணிக்குப் பொலிஸில் விசாரணை. நான் வாசலில் நிற்பேன்.

அப்ரா


மருதமுனை
2019.07.18

யதுசா,

மூன்று மணிவரை நின்றேன். உன் அண்ணன் வந்தான். மேனுஜாவும் வந்தாள். நன்றாக மெலிந்திருக்கிறாள். உன் அண்ணன் உள்ளே போனதும் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்:

"உண்மையா யதுசாவா போத்தலக் கேட்ட?"

"ஓம்" என்றேன்.

"அவ இல்ல எண்டுதான் சொன்னவ" என்றாள். போய்த் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

விசாரணையை ஓகஸ்ட் 8க்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. மேனுஜா உன் அடுத்த அறையில்தான் படுத்திருக்கிறாள். நான் சொன்னால் அது சோனகப் பொம்பிளை தன் தம்பிக்காகச் சொன்ன கதை.

எழும்பிப் போ. நீ சொல்.

அப்ரா