வெள்ளைக் கருவாடு

சேசு மரி சூசை துணை

முல்லைத்தீவு,
9.6.1963

அன்பின் அத்தானுக்கு யூலிற்றா எழுதிக்கொள்வது.

நானும் பிள்ளைகளும் சுகம். நீங்களும் சுகமென்று எழுதாதீர்கள்; சுகமான ஆளை ஆஸ்பத்திரியில் வைத்திருக்க மாட்டார்கள்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அகப்பட்டுக்கொண்டேன். இந்தச் சோளகக் காற்றுக் காலத்தில் அறுக்குளா மீன் வரவில்லை, கடலில் வெறும் தண்ணீர்தான் என்று இரண்டு கடிதங்களில் எழுதியது பொய். பொய் எழுதிய கையாலேயே கருவாட்டையும் கட்டி, உங்களைப் பார்க்க வந்த யோகநாதன் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். போன வருடத்துக் கருவாடென்றால் எண்ணெய் கக்கி மஞ்சளித்திருக்கும், இது வெள்ளையாக இருக்கிறது, மீன் பட்டு இரண்டு கிழமைக்கு மேல் இராது என்று எழுதியிருக்கிறீர்கள். சயரோக வருத்தம் நெஞ்சில்தான், மூக்கில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன். மீன் மே மாத நடுவில் வந்தது. சூடை மீனைத் துரத்திக்கொண்டு கரைக்குக் கிட்டவே நிற்கிறது. எங்கள் வள்ளமும் போகிறது. நீங்கள் இரைக்காக வெள்ளைத் துணிக்கீற்றுக் கட்டி வைத்த தூண்டில்களை எடுத்துக் கொடுத்தது நான்தான். உங்கள் இடத்தில், பின்பக்கம் இருந்து கயிறு பிடிப்பது என் அண்ணன் அந்தோனிமுத்து. அந்த இடத்தில் இன்னொருவர் இருப்பது உங்களுக்குப் பொறுக்காது. அண்ணனுக்கும் அது தெரியும். "மச்சான் வந்த உடனை நான் எழும்பீடுவன் எண்டு எழுதிவிடு" என்றார். எழுதிவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை பஸ்ஸில் வந்துவிடுவேன் என்று மிரட்டுகிறீர்கள். ஊசி இன்னும் இரண்டு மாதம் போட வேண்டும், இடையில் விட்டால் பிறகு மருந்து கேட்காது என்று பெரிய டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

மார்கிறட் அக்காவும் நானும் ஒரே பாயில்தான் மீன் காயப்போடுகிறோம். அவவின் மனுசன் போன வருடம் இதே மீனுக்காக, நீங்கள் இப்போது இருக்கும் அதே ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லாமல் ஓடி வந்தவர். அந்தச் சோளகத்தில் அவரளவுக்கு மீன் பிடித்தவர் இந்தக் கரையில் இல்லை. மாரி தொடங்க முன்னரே சேமக்காலைக்குக் கொண்டுபோனோம். சவப்பெட்டியின் ஒரு பக்கத்தை நீங்கள்தான் பிடித்தீர்கள். எத்தனை மீன் பிடித்தார் என்று அக்கா ஒருநாளும் கதைப்பதில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. பொய் எழுதியது அதனால்தான். திரும்பவும் எழுத வேண்டி வந்தால் எழுதுவேன்.

சனிக்கிழமை வந்தீர்களென்றால் படலை திறக்க மாட்டேன். பிள்ளைகள் அழுதாலும் திறக்க மாட்டேன்.

வியாழக்கிழமை அந்தோனியார் திருநாள். காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் என்று எல்லாரும் அவரிடம் போவார்கள். நீங்கள் தொலைய முன்னரே நான் போய்ச் சொல்லி வைக்கப்போகிறேன். அவர் உங்களை அந்தக் கட்டிலோடு சேர்த்துக் கட்டி வைக்கட்டும்.

உங்கள்
யூலிற்றா