தண்ணீரில் போட்ட குண்டுகள்

2006 ஆகஸ்ட் 26, சனி. காலை 9.40. வார்த்த குண்டு 63. தேறியது 41. மிச்சம் திரும்பச் சட்டிக்குள்.

நல்ல வெயில். மலையுச்சியில் மட்டும் புதுப் பனி. இடம்: ஜியானின் விறகுக் கொட்டில். ஈயம்: கராஜில் கழித்துப் போட்ட டயர் எடைகள், ஒரு வாளி, சும்மா தந்தார்கள். அச்சு, தோட்டா அடைக்கிற யந்திரம், துவக்கு எல்லாம் செத்துப்போன ஜியானின் அண்ணனுடையவை. இப்போது எல்லாம் செரைனாவுக்கு.

செரைனா (இனி செ.) ஜியானின் மகள். வயது 19. எங்கள் ரயில் பட்டறையில் கடைசி வருட அப்ரென்டிஸ், என் பொறுப்பில். வேட்டைப் பரீட்சை பாஸ். அடுத்த மாதம் முதல் மான் வேட்டை. ஆள் சின்னது, துவக்கு பெரிது. இந்தக் கன்டோனில் (மாநிலம்) மானுக்குப் பெரிய விட்டத் தோட்டாதான் வைக்கலாம், சட்டம். கடைத் தோட்டா கழுதை மாதிரி உதைக்குது. போன கிழமை சுடுதிடலில் மூன்று வெடி, தோள் நீலம். நாலாவதுக்கு விசையை இழுக்க முதலே கண்ணை மூடுகிறாள். பிறகெப்படிக் குறி?

தீர்வு லேசு. வெடிமருந்தைக் குறைத்தால் வேகம் குறையும், உதையும் குறையும். அந்த வேகத்துக்கு வார்த்த ஈயக் குண்டு போதும். மெதுமையான ஈயமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். உள்ளே போய் விரிந்தால்தான் மான் நின்ற இடத்தில் விழும். அவளுடைய பெரியப்பா அப்படித்தான் வார்த்தாராம்.

நான் துவக்கைத் தொடுவதில்லை. சிறீலங்கா பாஸ்போட்காரனுக்கு இந்த நாட்டில் துவக்கும் ஆகாது, தோட்டாவும் ஆகாது. சுவிஸ் பாஸ்போட்டுக்கு மனு போயாச்சு. செப். 19 ஊர்க் கவுன்சிலில் நேர்முகம். கவுன்சிலில் ஐந்து பேர், ஜியான் ஒருவர். ஆகவே சுடுவது செ., மருந்து வாங்குவது செ., நான் ஈயம் மட்டும் உருக்குகிறேன். அடைப்பதும் நான்தான். அதை எழுதாமல் விட நினைத்தேன். எழுதியாச்சு.

அம்மா முதியோர் இல்லத்து வேலையால் வந்து என் கையைப் பார்த்தா.

"இதென்ன மோனே, கை கறுத்துக் கிடக்கு?"

"தூண்டிலுக்கு ஈயம் வார்க்கிறன்."

"அப்ப இனி மீன் வரும்."

குண்டு என்ற சொல்லே எங்கள் வீட்டில் எடுபடாது. வேறு என்ன சொல்வது.

செப். 2, சனி

தூறல். திடலில் செ. பன்னிரண்டு வெடி. உதை இல்லையாம், சிரிக்கிறாள். "இது பூனை தட்டின மாதிரி இருக்கு, நிஷ்." முதல் ஐந்தும் நல்லாப் போச்சு. பிறகு கண்டபாட்டுக்குச் சிதறல். குழலுக்குள் எட்டிப் பார்த்தோம். ஈயம் அப்பிப்போய்க் கிடக்கு, மெதுமையால் வந்த வினை. மத்தியானம் முழுக்க அவள் தேய்த்தாள், நான் பின்னால் நின்று இன்னும் தேய், இன்னும் தேய் என்றேன். ஜியான் வந்து பார்த்தார். "என் அண்ணன் இதுக்கு ஒரு பின்னேரம் செலவழிப்பான். ஒரு போத்தலும்." எனக்கு ஒரு பின்னேரம் இல்லை.

வாங்க: அரிசி, அம்மாவின் தைலம், கம்பித் தூரிகை.

செப். 6, புதன்

வேலை முடிந்து கொட்டில். அச்சிலிருந்து சுடச்சுடத் தண்ணீர் வாளிக்குள் போட்டேன். ச்ச்ஸ். ஈயம் இறுகும். பட்டறையில் முதல் வருடப் பாடம். இறுகினால் குழலில் ஒட்டாது.

செப். 9, சனி

இறுகிய குண்டுகள், திடல். ஐந்து ஓட்டையையும் ஒரு ஐந்து பிராங்க் நாணயக் குற்றியால் மூடலாம். குழலுக்குள் கண்ணாடி மாதிரிச் சுத்தம். பக்கத்துத் தடத்துக் கிழவர் தொப்பியைத் தூக்கினார். செ. குறி அட்டையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"பெரியப்பாவின்ரை மாதிரி மெதுமைதானே?"

"ஓம் ஓம், அதேதான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? 5.20 பஸ். விளக்கத் தொடங்கினால் பத்துக் கேள்வி கேட்பாள்.

செப். 12, செவ்வாய்

குளிர். செ. வேலைக்கு வரவில்லை. பத்து மணிக்குப் போன். நேற்றுப் பின்னேரம் ஜியானோடு போனாளாம். இளம் ஆண் மான், எண்பது மீற்றர், பக்கவாட்டு. சுட்டாளாம். குலுங்கினதாம், நின்றதாம், அவளைப் பார்த்ததாம், பிறகு காட்டுக்குள் நடந்து போனதாம். ஓடக்கூட இல்லையாம். உடனே வேட்டைக் காவலருக்கு அவளே போன் பண்ணியிருக்கிறாள். தப்பாகப் பட்டால் சுட்டவரே சொல்ல வேண்டும், இங்கே அதுதான் முறை. இருட்டியதால் தேட முடியவில்லை. இன்று காலை தேடினால் மழை கழுவிவிட்டது, தடம் இல்லை. நாளைக்குக் காவலர் நாயோடு வருவாராம்.

"ஏன் விழேல்லை, நிஷ்?"

தெரியாது என்றேன். சொல்லும்போதே தெரியும்.

செப். 13, புதன்

அரை நாள் லீவு. காவலர், அவருடைய நாய், ஜியான், செ., நான். ஓடைக்குப் பக்கத்தில் கிடந்தது. சுட்ட இடத்திலிருந்து நல்ல தூரம் கீழே. வழியில் மூன்று இடத்தில் படுத்து எழும்பியிருக்கு, புல் நசிந்து கிடந்தது. கடைசி இடத்தில் மண்ணைக் காலால் கிளறி வைத்திருந்தது. நாய் குரைக்கவில்லை. பக்கத்தில் போய் இருந்தது.

காவலர் மானைப் புரட்டினார். இந்தப் பக்கம் ஓட்டை, அந்தப் பக்கம் ஓட்டை. இரண்டிலும் விரலை வைத்துப் பார்த்தார்.

"போனதும் வந்ததும் ஒரே அளவு. பென்சிலாலை குத்தின மாதிரி. ஆர் அடைச்ச தோட்டா?"

செ. என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்."

"குண்டு?"

"அதுவும் நான் வார்த்தது. பெரியப்பாவின்ரை அச்சு."

ஜியான் நிலத்தைப் பார்த்தார். நான் நாயைப் பார்த்தேன். நல்ல நாய். இடது காதில் ஒரு வெட்டு. அந்தக் காதை இப்பவும் கடதாசியில் கீறிக் காட்டுவேன், அவ்வளவு நேரம் பார்த்தேன்.

"மிச்சத் தோட்டாவை மாத முடிவுக்குள் கொண்டு வா, பிள்ளை. நான் அறிக்கை எழுத வேணும்."

ஜியான் ஒரு குச்சி முறித்து, ஊசியிலையோடு, மானின் வாயில் வைத்தார். அது கடைசி உணவு, வழக்கம். இன்னொரு குச்சி சுட்டவரின் தொப்பிக்கு. அதை ஒருவரும் முறிக்கவில்லை. வைட்மன்ஸ்ஹைல் என்ற வேட்டை வாழ்த்தையும் ஒருவரும் சொல்லவில்லை. இறங்கும்போது செ. தன் அனுமதிப் புத்தகத்தைக் காவலரிடம் நீட்டினாள். அவர் கேட்கவில்லை. "இந்த வருஷம் போதும்," என்றாள்.

அவளுக்கு என் பாஸ்போட் விஷயம் தெரியும். வாளி விஷயம் தெரியாது.

வீட்டில் அம்மா சொதி வைத்திருந்தா. ஊரில், சண்டையில், மாமாவுக்குப் பட்டதும் சின்ன ஓட்டைதான், விடியுமட்டும் உயிர் இருந்தது என்று எப்போதோ ஒருக்கால் சொன்னவ. கோப்பையைத் தள்ளி வைத்தேன். வயிறு சரியில்லை என்றேன்.

செப். 15, வெள்ளி

செ.யின் கருவிப் பெட்டியில் ஆரோ நாலு பென்சில் வைத்திருக்கிறார்கள், கூராகச் சீவி. முழு ஊருக்கும் கதை போயிட்டுது. "பொம்பிளைப் பிள்ளைக்குத் துவக்குக் கொடுத்தால்" என்று தொடங்கினான் கடைசல்காரன். நான் வாயை மூடு என்றேன். பெரிய வீரம். அவள் ஒரு பென்சிலை எடுத்து அச்சாணியில் அளவு குறித்தாள். வேலை சுத்தம், வழமை போல.

மதியம், கன்ரீனில்:

"நான் கண்ணை மூடியிருப்பன், நிஷ். எனக்கே தெரியாமல்."

"இருக்கலாம்," என்றேன்.

இருக்கலாம் என்றேன்.

செப். 19, செவ்வாய்

நேர்முகம். சேர்ட், சப்பாத்து மினுக்கல், அம்மா விபூதி பூச வந்தா, துடைத்துவிட்டுப் போனேன். ஐந்து பேர், தண்ணீர்ப் போத்தல், கேள்விகள். கன்டோன் எத்தனை, குப்பை எந்த நாள், மக்கள் வாக்கெடுப்பு என்றால் என்ன. எல்லாம் சரி.

தலைவர்: "ஓய்வு நேரத்திலை என்ன செய்வீங்கள்?"

"மீன் பிடிப்பன்."

வாயில் தயாராக இருந்தது அதுதான்.

"ஆத்திலையோ ஏரியிலையோ?"

"ரெண்டிலையும்."

"ஜியான், நீ பழைய மீன்காரன். ஏதும் கேளன்."

ஜியான் என் மனுவின் முதல் பக்கத்தை நேராக்கி வைத்தார். "எனக்குக் கேள்வி இல்லை."

கை தூக்கினார்கள். ஐந்தும். ஜியானுடையது கடைசி.

வெளியே தாழ்வாரத்தில் வந்து கை தந்தார். வாழ்த்து. பிறகு,

"துவக்கை விக்கப் போறாளாம். தான் கண்ணை மூடினதாம்."

"அவள் மூடேல்லை."

"எனக்குத் தெரியும். நான் பக்கத்திலைதானே நிண்டனான்."

அவர் கையை விடவில்லை. நான் சொல்லுவேன் என்று நின்றார். பஸ் வருது என்றேன். பஸ் வர இன்னும் இருபது நிமிடம். தரிப்பில் நின்றபோது அவர் காரில் என்னைத் தாண்டிப் போனார், கை காட்டினார்.

வீட்டில் அம்மா பாயாசம். கன்டோனும் பேர்னில் மத்திய அரசும் இன்னும் பாக்கி என்று சொன்னேன். "அவையளும் தருவினம். நீ என்ன பிழை செய்தனி?"

செப். 20, புதன்

மழை. பட்டறையில் அறிவித்தல் பலகையில் செ.யின் எழுத்து: துவக்கு விற்பனைக்கு, அச்சும் யந்திரமும் சேர்த்து. கீழே அந்த ஐந்து ஓட்டை அட்டை, குறி சரி என்று காட்ட. தன் கையில்தான் பிழை, துவக்கில் இல்லை என்று வாங்குகிறவனுக்குச் சொல்கிறாள்.

அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்திட்டேன். முன்னால் இருக்கு.

நாளைக்கு:

1. வேலை தொடங்க முதல் செ. அவள் கண் திறந்திருந்தது. குறி சரி. குண்டை இறுக்கியது நான், வாளித் தண்ணீரில். மெதுமை என்று சொன்னது பொய், "இருக்கலாம்" அதைவிடப் பெரிய பொய். இடையில் அவள் கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்வது. எத்தனை பஸ் போனாலும்.

2. மிச்சத் தோட்டாவை அவள் காவலரிடம் கொண்டுபோக விடக்கூடாது. கொட்டிலில் இருப்பதை எண்ணாமல், உருக்காமல் அப்படியே நான் கொண்டுபோவது. (ஞாயிறு உருக்கிவிட நினைத்துச் சட்டியைச் சூடாக்கினேன். அணைத்தேன்.)

3. காவலரிடம்: பெயர், விலாசம், எந்த நாட்டுப் பாஸ்போட். அவர் கேட்க முதல். தோட்டாவைப் பற்றிச் செ. சொன்னதைத் திருத்தி எழுதச் சொல்வது.

4. ஜியானுக்குப் போன். கவுன்சில் தூக்கிய கையை இறக்க வேண்டுமென்றால் இறக்கட்டும்.

5. அம்மா. மீன் இல்லை. என்னிடம் தூண்டிலே இல்லை.